சகாதேவன் வீட்டு ரம்மி

அண்ணாமலையார் மேல ஆணை. கற்பூரம் ஏத்திக் கொடுங்க, அடிச்சு அணைச்சு சத்தியம் பண்றேன். இதில் ஒரு வார்த்தைகூட என் சொந்தச் சரக்கு இல்லை.

அடி அண்ணாமலை கிராமத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் சகாதேவன். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் எதைத் திறந்தாலும், அது பாட்டுக்கு ரம்மி ஆட்டத்துக்குத் தாவியது.

மழை வருமா என்று பார்த்தால் ரம்மி. மணிலா, அதாங்க வேர்க்கடலை, விலை பார்த்தால் ரம்மி. சீட்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு பொண்ணு கண்ணடிப்பாள். கரண்ட் போன பிறகும் அவள் கண்ணடித்துக்கொண்டிருந்ததை இதே கண்ணால் பார்த்தேன்.

"இது மாப்ள வேலைதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் சகாதேவன்.

மாப்பிள்ளை கலையரசன் வீட்டோட மாப்பிள்ளை. அது ஒன்று போதாதா?

"மாமா, நான் அந்தப் பக்கமே போறதில்ல..."

"அப்ப நானா போறேன்? அண்ணாமலையார் தரிசனத்தத் தவிர நான் அதுல எதையாச்சும் பாத்திருக்கேனா? நீங்களே போயி கம்ப்யூட்டர் பாயைக் கூட்டிட்டு வாங்க. உங்க வேலைனு தெரிஞ்சுது, பெட்டியக் கட்டிக்கிட்டு உங்க ஊரு கீழ்பென்னாத்தூருக்கே கெளம்பிடுங்க!"

திட்டும்போதும் 'ங்க' குறையாது. மாப்பிள்ளை ஆச்சே.

மகள் அருணாதேவி மூக்கைச் சிந்தினாள். "அவரு போனா நானும் போறேன்பா."

"போ. பெட்டி பெருசா எடுத்துக்கோ."

கலையரசன் தன் வண்டியிலேயே மொஹ்சின் பாயை ஏற்றிக்கொண்டு வந்தார். டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். உட்கார்ந்து ரெண்டு தட்டு தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸ் இல்ல சார். யாரோ கதவைத் தொறந்து விட்டிருக்காங்க. உள்ள வரலாமானு கேட்டவனுக்கெல்லாம் 'அனுமதி', ஒட்டிக்கலாமானு கேட்டவனுக்கெல்லாம் 'சேர்'. ஒருத்தனைக்கூட வேணாம்னு சொல்லல. இந்த வீட்ல யாரு அது?"

சகாதேவன் மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்வையிலேயே பெட்டி கட்டி, பஸ்ஸும் ஏற்றிவிட்டார்.

கலையரசன் தலை குனிந்தார். "நான்தான் மாமா."

"கேட்டியா அருணா? உன் புருஷன் வாயாலயே வந்துடுச்சு!"

அப்போது சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தார் சகாதேவன் சம்சாரம் சரசு.

"அவரு எதுக்குங்க பொய் சொல்றாரு? நான்தான் அமுக்கினேன்."

"நீயா!"

"ஒரு நாள் இதுல சாம்பார் பொடிக்கு அளவு பாக்கறப்ப ஒண்ணு வந்து 'அனுமதி'யானு கேட்டுச்சு. மறுநாள் இன்னொண்ணு. பாவம், தினமும் வந்து நிக்குதுங்க."

"அதுக்கு வாங்கனு சொல்லிடுவியா?"

"பின்ன? கிரிவலப் பாதைல வீட்ட வச்சுக்கிட்டு, வந்து நிக்கிறவங்கள இல்லனு சொல்லுவாங்களா? சாமியாருங்களுக்கு நீங்க காலணா தராம வெரட்டற பாவத்தையே நான்தான் தயிர்சாதம் போட்டுக் கழுவறேன். இதுங்களுக்கு சோறுகூட வேணாம். ஒரு அமுக்கு, அவ்ளோதான்!"

மொஹ்சின் பாய் சிரித்த சிரிப்பில் கூரை மேலிருந்த குரங்கு ஒன்று தவறி விழுந்தது. சத்தியமாங்க.

"இனிமே வந்து கேட்டா 'தடு'னு இருக்கும், அத அமுக்குங்கம்மா."

"மனசு வராதுப்பா."

"அப்ப சரி. யாருமே வந்து கேக்காத மாதிரி பண்ணிடறேன்."

ஒட்டிக்கொண்டதையெல்லாம் பிடுங்கினார். கொடுத்த அனுமதியையெல்லாம் ரத்து செய்தார். மணிலா விலை கேட்டால் மணிலா விலையே வந்தது.

"எல்லாத்தையுமா எடுத்துட்டீங்க பாய்?" என்றார் சகாதேவன்.

"எல்லாத்தையும் சார்."

"ஒண்ணுகூட விடாம?"

"ஒண்ணுகூட."

சகாதேவன் மாப்பிள்ளை பக்கம் திரும்பாமலே சொன்னார். "சரி சரி, பெட்டிய உள்ள வைங்க. கோவம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு." அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

மாப்பிள்ளை வண்டிச் சாவி எடுக்க உள்ளே போக, பாயை வழியனுப்ப கேட் வரைக்கும் சகாதேவனே வந்தார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"பாய், அந்த ரம்மி... அத மட்டும் யாருக்கும் தெரியாம திருப்பிப் போட முடியுமா? காசு கீசு இல்ல, சும்மா பாயிண்டுக்குத்தான். நல்ல கை வந்து பாதில நிக்குது. ஒரு சீட்டு வந்தா ஆட்டம் முடிஞ்சுடும்."

மொஹ்சின் பாய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"முடியும் சார். ஆனா வண்டில வரப்பவே உங்க மாப்பிள்ளை சொல்லிட்டாரு. 'மாமா தனியா வந்து ரம்மி கேப்பாரு, முடியாதுனு சொல்லிடுங்க. அவரு ஆடறது எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதீங்க, பாவம், வெக்கப்படுவாரு. யாரு பண்ணதுனு கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேன்'னாரு. ஐயய்யோ... காட்டிக்காதீங்கன்னு சொன்னத நான் காட்டிட்டேனே!"

கேட்டில் அவங்க ரெண்டு பேரும் ரகசியமாகப் பேசியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மதில் இந்தப் பக்கம் குனிந்து, இங்கே சாய்ந்திருந்த சகாதேவன் வீட்டு நந்தியாவட்டையைப் பறித்துக்கொண்டிருந்தேன். அதனால கதையை யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க. சொன்னது யாருன்னு மட்டும் மூச்சு விடாதீங்க. பூவுக்கு நான் வேற எங்க போவேன்?