மகாராணியும் மஞ்சள் பிடியும்

"ஆளோட பார்வையைப் பார்த்தியா? வந்ததிலேர்ந்து மகாராணி மேலேயே இருக்கு" என்று சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் கிசுகிசுத்தார் டிராயிங் மாஸ்டர்.

"கண்ணாடி அலமாரியில வெச்சு, லைட்டும் போட்டுட்டு, பார்க்கக் கூடாதுன்னா எப்படிங்க?" என்றாள் அவள், கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றியபடி.

மகாராணி என்பது ஒரு ஷேவிங் பிரஷ். கறுப்புக் கொம்புப் பிடி, கழுத்தில் வெள்ளி வளையம். மாஸ்டர் சேர்த்து வைத்திருக்கும் நாற்பத்தொரு பிரஷ்களில் அவர் உயிரையே வைத்திருப்பது அதன் மேல்தான். நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இதுவரை தண்ணீரைக் கண்டதில்லை. மாஸ்டர் ஷேவ் செய்துகொள்வதென்னவோ பேட்டரி மெஷினில்.

பிரஷ் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வம்பு ஆரம்பித்தது. நுரைமன்னன் என்ற பெயரில் ஒருவர், மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட பழைய பிரஷின் படத்தைப் போட்டு, 'எட்டு வருஷம், பல ஆயிரம் ஷேவ், ஒரு புகார் கிடையாது. பிரஷ்னா இது. மத்ததெல்லாம் பொம்மை' என்று எழுதினார். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. 'உங்க பிளாஸ்டிக் என் மகாராணியை ஜெயிச்சுட்டா, அவளை நீங்களே எடுத்துட்டுப் போகலாம்' என்று வீராப்பாக எழுதிவிட்டார். குழுவே கைதட்டியது. இனி பின்வாங்கினால் மானம் போய்விடும்.

இதோ, மாஸ்டருக்குக் கன்னத்துக்கு ஒரு பிரஷாக ஷேவ் செய்து காட்ட, அந்த நுரைமன்னன் தோள்பையோடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

"பல ஆயிரமாம்! புளுகன். அவன் குறியே மகாராணிதான். நீ பக்கத்துலயே நில்லு. நான் கண்ணை மூடற நேரம் பார்த்து மாத்தி வெச்சுடுவான்" என்று எச்சரித்துவிட்டு, ஹாலுக்கு வந்ததும் மாஸ்டர் விசாரணையை ஆரம்பித்தார்.

"சலூன் எங்க வெச்சிருக்கீங்க?"

"சொந்தமா இல்ல சார். சம்பளத்துக்குத்தான் இருக்கேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"சொல்ல முடியாது சார். சில நாள் ரெண்டு, சில நாள் பத்து."

"வந்தவங்க மறுபடியும் உங்களைத் தேடி வருவாங்களா?"

நுரைமன்னன் சற்று யோசித்தார். "இல்ல சார். ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை வந்ததில்ல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். புகார் இல்லையாம், ஆனால் வந்தவன் ஒருவனும் திரும்பி வரவில்லையாம். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார்.

"உட்கார்ந்தா எனக்குக் கை வராது சார். சோபாவுல நீட்டிப் படுத்துக்குங்க."

படுத்தால் அலமாரி கண்ணுக்குத் தெரியாது. திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே மாஸ்டர் படுத்தார். அவர் கன்னத்தில் கையை வைத்த நுரைமன்னன் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன சார், இப்படிச் சுடுது?"

"எல்லாருக்கும் இருக்கற சூடுதான். ஆரம்பிங்க" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

முதலில் இடது கன்னம், மகாராணி. அவளை வெந்நீரில் முக்கியபோது மாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிரஷிலிருந்து மூன்று முடி உதிர்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நுரை ஏதோ பேருக்கு வந்தது. ரேஸர் இழுத்ததும் "ஸ்ஸ்... எரியுது!" என்றார் மாஸ்டர். நுரைமன்னன் தூக்கிவாரிப்போட இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். பேச்சுக்குரல் கேட்டுப் பழக்கமில்ல."

அடுத்தது வலது கன்னம், மஞ்சள் பிடி. நுரை வெண்ணெயாகப் பொங்கியது. ரேஸர் போனதே தெரியவில்லை. மாஸ்டருக்குக் கண் சொக்கியது. திடுக்கிட்டு விழித்து, "மகாராணி எங்கடி?" என்றார்.

"என் கையிலதான் இருக்கா. பேசாம படுங்க."

எழுந்து உட்கார்ந்ததும், 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிடலாமா என்று அவருக்கு நாக்கு துடித்தது. அதற்குள் மனைவி இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் பட்டு. அந்தப் பக்கம் உப்புத்தாள்."

மாஸ்டர் மகாராணியைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்கலங்க நீட்டினார். "சொன்ன வார்த்தை சொன்னதுதான். எடுத்துக்குங்க."

நுரைமன்னன் அதைத் தொடக்கூட இல்லை. "எனக்கெதுக்கு சார் இவ்வளவு அழகு? என்கிட்ட வர்றவங்க யாரும் கண்ணைத் திறந்து பிரஷைப் பார்க்கறதில்ல. நீங்களே வெச்சுக்குங்க."

"அப்ப எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எட்டு வருஷமா ஒருத்தரும் குறை சொன்னதில்லம்மா. ஆனா நல்லாயிருக்குன்னும் ஒருத்தர் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை, யாராவது வாய் திறந்து சொல்லிக் கேட்டுடணும்னு ஆசை."

இப்பேர்ப்பட்ட மனுஷனையா திருடன் என்று நினைத்தோம்! மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வலது கன்னத்தை ஆசையோடு தடவிக்கொண்டு, "பிரமாதம்! என் ஆயுசுல இப்படி ஒரு ஷேவ் கண்டதில்ல" என்றார் மனசார.

நுரைமன்னனின் கண்கள் பளபளத்தன. அந்த நேரம் பார்த்து அவர் போன் ஒலித்தது.

"ஆமா, பிணவறை பார்பர்தான் பேசறேன். ரெண்டு பேர் வந்திருக்காங்களா? அரை மணி நேரத்துல வந்துடறேன். பிரஷைத் தேடாதீங்க, அது என் பையிலதான் இருக்கு."