கையெழுத்து மட்டும் அவருடையது

"சிபாரிசுக் கடிதத்தை நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் பேராசிரியர். எங்கள் துறையில் அதுதான் வழக்கம்.

வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்க எனக்கு அழைப்பு வந்திருந்தது. பல்கலைக்கழகமோ துறைக்கு ஒருவருக்குத்தான் பயண உதவி தரும். விற்கிற சரக்கு நானேதான் என்பதால், கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு பக்கம் முழுக்க என்னைப் புகழ்ந்து தள்ளினேன்.

"பிரமாதம்! நானே எழுதியிருந்தாக்கூட இப்படி வராது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

உதவி கிடைத்தது. எனக்கில்லை, நாலு மாதம் முன்பு ஆய்வு மாணவராகச் சேர்ந்த அவருடைய மாப்பிள்ளைக்கு.

"சாரோட மாப்பிள்ளைங்கிறதுக்காகக் குடுக்கலைம்மா. கடிதம் அப்படி!" என்று அலுவலகக் குமாஸ்தா அதை நீட்டினார். "குழுவில ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்கன்னா பாத்துக்குங்க."

படித்தேன். 'தாயைப் பறிகொடுத்த மறுநாளே ஆய்வகத்துக்கு வந்து சோதனையை முடித்தவர்.' பெயரைத் தவிர ஓர் எழுத்துகூட மாறவில்லை.

போனது என் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா அலுவலக வாசலில் நின்று, "தம்பி, ஸ்வெட்டரை மறக்காம எடுத்து வெச்சியா?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.