பிலோமினாவின் கழுத்துக்குள் ஏலம்

துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் பிலோமினாவின் தைராய்டுக்குள், லட்சத்தில் ஒருவருக்கு வரும் கிருமி புகுந்து சீழ் கட்டிவிட்டது. எச்சில் விழுங்கினாலே உயிர் போனது. அப்போதும் ஏலத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். நர்ஸ் ஜெசிந்தாவே ஏலக் கூடத்துக்கு வந்து, ஊசி வழியாகக் கடுகளவு யந்திரத்தை அவள் கழுத்துக்குள் இறக்கினாள்.

“அது சீழைக் குடிச்சு முடிக்கிறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுக்கா.”

குடித்த சொட்டுகளை யந்திரம் கணீரென்று எண்ணிக்கொண்டே வந்தது. “ஆறு… ஏழு…”

பிலோமினாவின் முன்னால் ஆளுயரச் சீலா மீன் ஒன்று கிடந்தது.

“அக்கா தொண்டைக்குள்ளயே மைக்கு வச்சிட்டாவ டோய்!” என்று குதித்த வியாபாரிகள், ஏழு என்றதை ஏழாயிரமாக எடுத்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். எட்டு வந்தது, பத்து வந்தது, கைகள் இறங்கவில்லை.

“ஐயோ, அது வெலையில்ல, சீழு!” என்று ஜெசிந்தா கத்தியது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. சிரிப்பை அடக்கமாட்டாமல் பிலோமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பதினெட்டு,” என்று சொல்லிவிட்டு யந்திரம் நின்றது. வியாபாரி கபிரியேலின் கை மட்டும் மேலே இருந்தது. கூடமே பிலோமினாவைப் பார்த்தது.

அவள் பயந்து பயந்து எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

“மூணு தரம்!”