சனிக்கிழமைக் கையுறை

"இன்னொரு ஜோடியைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே தச்சு வீசிட்டே, சொலெதாத். இதுக்கு மட்டும் மத்தியானம் வரைக்குமா?"

முதலாளி எவரிஸ்தோ இடுப்பில் கை வைத்து நின்றார். சனிக்கிழமை குத்துச்சண்டைக்கு இரண்டு ஜோடிக் கையுறைகள் போக வேண்டும். வாசலில் வண்டி காத்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. நூல் முடிச்சு மேல எட்டிப் பாக்குது. உடம்புல பட்டா கீறும்."

தடித்த தோல் தைக்கும் அந்த மிஷினில் நூலை இறுக்கும் டென்ஷன் திருகை அவள் மயிரிழை அளவு தளர்த்தினாள். துண்டுத் தோலில் தையல் ஓட்டி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள். மறுபடியும் திருகு.

"தோலுக்கு முத்தம் வேறயா? உன் மக யரேலி முதல் தடவையா மேடை ஏறுறா, ஒத்துக்கறேன். அதுக்காக அவ கையுறைக்கு இவ்வளவு சீராட்டா? எதிராளிக்கு ஏனோதானோன்னு தச்சோம்னு ஊரே பேசப் போகுது."

அடுத்த துண்டு வழுவழுவென்று வந்தது. முடிச்சு தோலுக்குள் புதைந்துவிட்டது. திருப்தியோடு கையுறையை ஊசிக்கடியில் வைத்தாள் சொலெதாத்.

"யரேலியோட ஜோடி காலையிலேயே பெட்டிக்குள்ள போயாச்சு முதலாளி."

"அப்ப இது?"

"அவகூட மோத வர்ற குவாதலஹாராக்காரிக்கு."

எவரிஸ்தோ இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "போட்டிக்காரிக்கா இத்தனை பாடு படறே?"

"கைதான் அவளோடது. இது வந்து விழறது எம்மவ மூஞ்சியில இல்ல?" என்றபடி மிஷினை மிதித்தாள் சொலெதாத்.