கண்டக்குழிக்கு வந்த கிண்ணம்

ஃபஸ்லான் வெற்றிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்ததும் கன்னத்தில் அறை விழுந்தது.

"உள்ளுக்கு வராத! கடல்ல கிடந்தவன விட்டுட்டு வந்தவனுக்கு இந்த ஊட்டுல இடமில்ல" என்றார் அவனுடைய வாப்பா ரஸாக்.

கிண்ணம் மணலில் உருண்டது. வேலியோரம் ஊர் கூடியிருந்தது.

காலையில் இதே ஊர்தான் கைதட்டியது. காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் சர்வதேசப் போட்டி. எத்தனையோ நாட்டு வீரர்கள். கண்டக்குழி மீனவன் மகன் முதலாவதாக வந்தால் யார்தான் தட்ட மாட்டார்கள்?

பிறகுதான் மற்றச் செய்தி கரைக்கு வந்தது. பக்கத்தில் ஓடிய போலந்துக்காரன் பட்டத்தின் கயிறு சுற்றிக் கடலில் விழுந்திருக்கிறான். ஃபஸ்லான் அவனைக் கண்டும் தாண்டிப் போயிருக்கிறான்.

இந்தக் கடலில் ஒருவன் தத்தளித்தால், அவன் பகையாளியே ஆனாலும், வலையை வெட்டிவிட்டுப் போய்த் தூக்குவார்கள். அதற்கு யாரும் கிண்ணம் கொடுப்பதில்லை.

"உசிரு தப்பிட்டுது" என்றான் பக்கத்து வீட்டு லத்தீப். தன் படகில் போய்த் தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவன் அவன்தான். உடுத்த சாரம் இன்னும் காயவில்லை. "கொஞ்சம் பிந்தியிருந்தா மையத்துத்தான், ரஸாக் நானா."

"கேட்டியாடா?" என்றார் ரஸாக் மகனிடம். "மேடையில என்ன எழுதித் தொங்க விட்டிருந்தாங்க? 'வெற்றியை விட மனிதம் பெரிது!' மூணு பாசையில எழுதியிருந்தாங்களே, ஒண்டாவது உனக்கு வாசிக்கத் தெரியாதா?"

ஃபஸ்லான் தலை குனிந்தான்.

"ஒரு சொல்லுச் சொல்லேன் மகன்" என்று அழுதாள் உம்மா கமறியா. "காணல்ல எண்டாவது சொல்லு."

"கண்டேன் உம்மா."

கூட்டம் 'சீ' என்றது.

"நாளைக்கு எந்த முகத்தோட நான் பள்ளிக்குத் தொழப் போற?" ரஸாக்கின் குரல் உடைந்தது.

"பெத்த புள்ளையெண்டும் பாக்கல்ல. மனுசனெண்டா இப்பிடி இரிக்கணும்" என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள்.

கமறியாவின் போன் அலறியது. கட்டாரிலிருந்து மகள் ஸுஹைரா. கமறியாவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். போட்டாள்.

"உம்மா! தம்பி வெண்டுட்டான்! வாப்பா தன்ட படகுலரிந்து எடுத்தனுப்பின வீடியோவ இப்பத்தான் பாத்தேன்!"

ரஸாக் சட்டென்று திரும்பினார்.

"அந்த வெள்ளக்காரன் உழுந்ததும் தம்பி பலகையத் திருப்புறான் உம்மா. வடிவா விளங்குது."

"உம்மா, போன வைங்க!" ஃபஸ்லான் பாய்ந்தான். கமறியா கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் உம்மா வாப்பா, 'அவன் கிடக்கட்டும்! திரும்பாதடா, கிண்ணத்தப் புடி!' எண்டு அந்தக் கத்துக் கத்துறாரு?"