வல்லரசுத் தோழி

"லிட்டியா, கெரேகெரே! இந்தச் சனிக்கிழமையும் என்னைக் கார்ல சந்தைக்குக் கூட்டிட்டுப் போடீ," என்றாள் அவள் தோழி மெரேயோனி.

கெரேகெரே என்று ஒருத்தி உதவி கேட்டுவிட்டால் ஃபிஜியில் மறுக்க முடியாது. புருஷன் இறந்துபோனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த லிட்டியா முனகிக்கொண்டே சாவியை எடுத்தாள்.

வழியெல்லாம் மெரேயோனி புராணம்தான். அவள் முழங்கால், அவள் தொப்பி, தேவாலயத்தில் அவள் தனியாகப் பாடிய பாட்டு.

"நீ ஒரு வல்லரசுடீ," என்றாள் லிட்டியா. வெளியுறவுத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் ஆயிற்றே! "வல்லரசுக்காரனுங்க நட்பு நட்புன்னு கட்டிப்பிடிப்பானுங்க, கண்ணு நம்ம துறைமுகத்து மேல இருக்கும். உனக்கு என் கார் மேல."

"ஆமா, அதுக்கென்ன? சந்தை வந்தாச்சு, நிறுத்து!"

இனி இவள் சகவாசமே வேண்டாம் என்று முடிவு கட்டினாள் லிட்டியா. மெரேயோனி பழக்கடைப் பக்கம் போனதும், கிழங்கு விற்பவள் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினாள்.

"மெரேயோனி அக்காவோடது. நேத்து அவங்க புதுக் கார்ல காய்கறி ஏத்தும்போது விட்டுட்டாங்க."

"அவ கார்லயா?"

"போன மாசம் வாங்கினாங்களே! அப்பலேருந்து வெள்ளிக்கிழமையே எல்லாம் வாங்கிடறாங்க. கெரேகெரேன்னு கேட்டாதான் வீட்டை விட்டு வெளிய வர்ற சிநேகிதின்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

மெரேயோனி ஒரே ஒரு பப்பாளியோடு திரும்பி வந்து காரில் ஏறினாள்.

"கோபமாடீ? அடுத்த வாரம் வர மாட்டியா?"

லிட்டியா கண்ணாடியைத் தன் பைக்குள் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"வர்றேன், வர்றேன். அந்த முழங்கால் கதைய முதல்லேருந்து சொல்லு."