பக்கத்து இடம்

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் லிசியை ஸ்கூலுக்கு அனுப்பாதேப்பா” என்றாள் மகாலட்சுமி.

தோளிலிருந்த வாழைத்தாரை லாரி ஓரம் இறக்கி வைத்த அமிர்தசாமி புரியாமல் பார்த்தார்.

“ஏங்கம்மா? யாரோ ஆபீசர் வர்றாங்கன்னு பிள்ளை காலையிலேர்ந்து குதிச்சுக்கிட்டு இருக்கு. ரிப்பன்கூடத் துவைச்சு வச்சிருக்கு.”

“அதனாலதான்ப்பா சொல்றேன். பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு மார்க் போட வர்றாங்க. உன் பொண்ணு வாரத்துல ரெண்டு நாள் தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல நிக்கிறவ. அவளை எழுப்பிப் படிக்கச் சொல்லி, அவ திருதிருன்னு முழிச்சா யார் பேரு கெடும்?”

லிசி லாரி நிழலில் குந்தியிருந்தாள். போண்டா மடித்து வந்த எண்ணெய்க் காகிதத்தை மடியில் விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“சரிங்கம்மா” என்றார் அமிர்தசாமி.

ஜீயபுரத்தைத் தாண்டி, ஆற்றங்கரையோரம் இருக்கும் அந்தச் சிற்றூரின் தொடக்கப் பள்ளிக்கு மகாலட்சுமிதான் மேலாண்மைக் குழுத் தலைவி. ஸ்ரீரங்கத்துக்கு வேனில் போய்ப் படித்துக்கொண்டிருந்த மகள் தேவதர்ஷினியை, ‘நம்ம ஊர்ப் பள்ளிக்கு என்ன குறைச்சல்?’ என்று வீம்பாக இங்கே கொண்டுவந்து சேர்த்தவள். மின்விசிறி கேட்டு மனு, தண்ணீர்த் தொட்டி கேட்டு மனு என்று அலைந்தவள்.

கணவன் நவநீதன் மட்டும் மசியவில்லை.

“ஆய்வுல நல்ல மார்க் வரட்டும், பார்க்கலாம். இல்லேன்னா ஜூன் மாசம் மறுபடி ஸ்ரீரங்கம்தான்” என்று சொல்லிவிட்டான்.

அதனால்தான் இந்த நடை. லிசி வீட்டோடு சேர்த்து நாலு வீடு. செருப்பில்லாமல் வருவது, மூக்கொழுக வருவது, நினைத்தால் வருவது என்று அவளே கண்ணால் பார்த்துப் பொறுக்கியெடுத்த நாலு பிள்ளைகள்.

தலைமையாசிரியை அக்னஸுக்கோ எந்தப் பதற்றமும் இல்லை.

“வர்றவங்க வந்து பார்க்கட்டுமே மகாலட்சுமி. இருக்கிறதுதானே தெரியப்போகுது? நீங்க தேவதர்ஷினியை வீட்டுல புதுசா ஏதாவது படிக்க வைங்க. போன மாசமே சொன்னேன்.”

மகாலட்சுமிக்குச் சிரிப்புதான் வந்தது. தேவதர்ஷினிக்கா படிப்பு சொல்லித் தர வேண்டும்! விளக்கு வைத்ததும் தமிழ்ப் புத்தகத்தை விரித்தால், பாடம் முழுவதையும் மூச்சு விடாமல் படித்து முடிக்கிறவள் அவள். நவநீதனே அதைக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறான்.

மறுநாள் காலை ஆய்வாளர் வளவன் வந்தார். கையில் டேப்லெட். வகுப்பில் தலைகளை எண்ணினார்.

“நாலு பேர் ஆப்சென்ட்டா?”

“காய்ச்சல் சார், ஊரெல்லாம் ஒரே காய்ச்சல்” என்று முந்திக்கொண்டாள் மகாலட்சுமி.

அக்னஸ் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

டேப்லெட் தானாகவே பெயர்களைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் வகுப்பில் முதலில் வந்த பெயர் தேவதர்ஷினி.

குணசீலத்துப் பெருமாளே என்று மனசுக்குள் கும்பிட்டாள் மகாலட்சுமி.

தேவதர்ஷினி புத்தகத்தை எடுத்தாள்.

“புத்தகம் வேண்டாம் பாப்பா. இதைப் படி” என்று வளவன் ஓர் அட்டையை நீட்டினார். ஓர் ஆட்டுக்குட்டிப் படம், கீழே நாலு வரி.

தேவதர்ஷினி அட்டையைப் பார்த்தாள். பிறகு பாயில் தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டை. மறுபடி அந்தக் காலி இடம்.

“படிம்மா, பயப்படாதே.”

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முழுசாக இரண்டு நிமிஷம் காத்திருந்த வளவன், அட்டையை வாங்கிக்கொண்டு டேப்லெட்டில் எதையோ தட்டினார். பின்னால் வந்த இரண்டு பேர் தட்டுத் தடுமாறிப் படித்தார்கள். அவ்வளவுதான், ஆய்வு முடிந்தது.

அவர் பைக் சத்தம் அடங்கியதும் மகாலட்சுமி வெடித்தாள்.

“மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு நாலு வரி படிக்கத் தெரியலை! என்னதான் டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க? இந்த ஸ்கூலுக்காக வீடு வீடா அலைஞ்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

“அலைஞ்சீங்கன்னு தெரியும்” என்றார் அக்னஸ். “எந்தெந்த வீடுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“பேச்சை மாத்தாதீங்க. டி.சி. எழுதி வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வரை வந்தாள். அதற்கு மேல் மகாலட்சுமியால் அடக்க முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“ஏண்டி, வீட்டுல கடகடன்னு படிப்பியே! இன்னிக்கு மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?”

தேவதர்ஷினி விசும்பினாள்.

“வீட்டுல படிக்கிறதெல்லாம், மத்தியானம் சாப்பிட்டதும் லிசி எனக்குப் படிச்சுக் காட்டுற பாடம்மா. அவ ரெண்டு தடவை படிச்சா எனக்கு மனப்பாடமாயிடும். அந்த அட்டையைப் படிச்சுக் காட்டத்தான் அவளைத் தேடினேன்... நீ ஏம்மா அவளை வர வேண்டாம்னு சொன்னே?”